பொன்னாடைக்கு வெட்டு இல்லை

விழாக்குழுத் தலைவர் என்னும் வகையினர் மன்னார்த் தீவுக்கு மட்டும் உரியவர் அல்லர். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அவர்கள் ஒரே செழிப்புடன் விளங்குவதால், அவர்களுடைய இலக்கணத்தை இங்கு விரித்துரைக்கத் தேவை இல்லை. இங்கே பேசப்படும் தலைவருக்கு எதிரே அமர்ந்திருப்பவர், மன்னார் நகரின் சிறிய ஸ்ரூடியோ ஒன்றில் படத்தொகுப்புச் செய்யும் பெண். இருவருக்கும் இடையிலான மேசையில் எட்டு ஒளிநாடாக்கள் இருக்கின்றன. மினிடிவி எனப்படும் இந்நாடாக்கள் 1995இல் சந்தைக்கு வந்தவை; தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியவை; ஒவ்வொன்றும் வழமையான வேகத்தில் ஒரு மணி நேரக் காட்சியைத் தாங்குபவை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்பு, புலம்பெயர்ந்த உறவினர்கள் நீண்ட காலம் கழித்து ஊர் பார்க்க வந்தபோது, அவர்களுடைய கைக்கமராக்கள் திருவிழாக்களையும் திருமணங்களையும் முற்றத்துக் கோழிகளையும் வேறுபாடின்றிப் பதிவுசெய்தன. மேசையில் உள்ளவை அக்காலத்தைச் சேர்ந்தவை. கோயில் திருவிழாவையொட்டி விடிய விடிய ஆடப்பட்ட ஒரு கூத்தும், அதற்கு முன் நடைபெற்ற பாராட்டு விழாவும் அவற்றில் அடங்கியுள்ளன. உரையாடல் பின்வருமாறு நடந்தது.

தலைவர்: பிள்ளை, விடயம் சிறியது. இந்த எட்டு நாடாவையும் ஒரே இறுவட்டில் ஏற்றித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

தொகுப்பாளர்: இன்று புதன்கிழமை, ஐயா. இத்தனை ஆண்டும் நாடாக்கள் எங்கே இருந்தன?

தலைவர்: மிகப் பாதுகாப்பாக இருந்தன. குழுவின் இரும்பு அலுமாரியில், பொன்னாடைகளுக்கு அடியில்.

தொகுப்பாளர்: பொன்னாடைகளால் ஊருக்கு ஒரு பயன் உண்டென்பது இன்றுதான் தெரிகிறது. கடற்காற்றின் ஈரம் ஒளிநாடாவுக்குப் பகை. பழைய விஎச்எஸ் நாடாக்களுள் பல, உள்ளே வெண்பூஞ்சணம் படர்ந்து, ஓட்டும் கருவியையும் சேர்த்துக் கெடுக்கும் நிலையில்தான் இங்கு வந்து சேர்கின்றன. இவை தப்பியிருக்கின்றன. எனினும் மினிடிவி நாடாவில் உள்ள காட்சியைக் கணினியில் இறக்குவதற்கு, அதே வகைக் கமரா ஒன்றும் பயர்வயர் எனப்படும் இணைப்புக் கம்பியும் வேண்டும். நாடா ஓடும் வேகத்திலேயே காட்சி இறங்குமாதலால், எட்டு மணி நேர நாடாவுக்கு எட்டு மணி நேரம் செலவாகும். எந்தப் பிரமுகரின் சிபாரிசுக் கடிதத்தாலும் அதை விரைவுபடுத்த முடியாது. இன்றைய மடிக்கணினிகளில் அந்தக் கம்பியைச் செருகத் துளையே இல்லை; மூலையில் இருக்கும் அந்தப் பழைய கணினி இன்னும் உயிருடன் வைக்கப்பட்டிருப்பது அதற்காகவே.

தலைவர்: அப்படியானால் கூத்தை வேகமாக ஓட்டி இறக்கும். பொன்னாடைப் பகுதியை மட்டும் நிதானமாக ஓட்டினால் போதும்.

இவ்விடத்தில் தொகுப்பாளர் ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதத் தொடங்கினார். விழாக்குழுத் தலைவர்களுக்குக் கணக்கில் ஆர்வம் இல்லை என்று கூறுவது தவறாகும். வரவுசெலவு அறிக்கை தவிர்ந்த பிற கணக்குகளை அவர்கள் பொறுமையுடன் கேட்பதுண்டு.

தொகுப்பாளர்: ஒரு மணி நேர மினிடிவிக் காட்சி கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும், எட்டு மணி நேரத்துக்கு 100 கிகாபைட்டுக்கு மேல் வரும். சாதாரண இறுவட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். ஆகவே இறுவட்டுக்காகக் காட்சியை எம்பெக்-2 என்னும் முறையில் அழுத்துகிறோம். அடுத்தடுத்த சட்டகங்களில் மாறாமல் இருப்பதைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் குறித்து வைப்பதே அம்முறையின் சாரம். ஒரு மணி நேரத்தை ஏற்றினால் படம் தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேரம் வரை தாங்கும். எட்டு மணி நேரத்தைத் திணித்தால் ஆடுபவரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, அரசனும் கட்டியகாரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

தலைவர்: மாறாததை எழுத வேண்டியதில்லை என்று நீரே சொன்னீர். கூத்தில் என்ன மாறுகிறது? முன்னால் நிற்பவர் ஓர் அடி பாடுகிறார். பின்னால் நிற்பவர்கள் அதையே பாடுகிறார்கள். பின்பாட்டை வெட்டினால் பாதி நேரம் மிச்சமாகும்.

தொகுப்பாளர்: பாராட்டு விழாவில் முன்னால் நிற்பவர் குனிகிறார், பின்னால் நிற்பவர் போர்த்துகிறார். அது 34 முறை நடக்கிறது.

தலைவர்: பிள்ளை, ஒவ்வொரு பொன்னாடையும் வேறு நிறம்.

தொகுப்பாளர்: அழுத்தும் கணினிக்கு நிறத்தில் அக்கறை இல்லை, ஐயா, அசைவில்தான் அக்கறை. கூத்தில் காலும் கையும் உடுப்பின் மணியும் ஓயாமல் அசைவதால் அது இடம் கேட்கும். பிரமுகர்கள் படம்பிடிக்க வசதியாக அசையாது நிற்பதால், பொன்னாடைக் காட்சியைப்போல் சுலபமாக அழுந்தும் காட்சி உலகில் இல்லை. தலைமை உரையோ இன்னும் உத்தமம்; தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதில் எதுவுமே மாறவில்லை.

தலைவர் இதனைப் பாராட்டாகக் கொண்டு தலையசைத்தார்.

தலைவர்: அப்படியானால் முடிவு எளிது. பொன்னாடைக்கு வெட்டு இல்லை. தலைமை உரைக்கு வெட்டு இல்லை. மீதி இடத்துக்கு ஏற்றபடி கூத்தை நறுக்கும்.

தொகுப்பாளர்: நறுக்குவதற்கு முன் அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். மன்னார்க் கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகள் உண்டு. புனிதர்களின் வரலாறுகளை இந்த ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்திருக்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்ததால், மன்னாரின் பிரதிகளும் அச்சேறின. அச்சு சொல்லைக் காத்தது. மெட்டை அச்சடிக்க முடியாது. எந்த அடியை எவ்வளவு நீட்டுவது, மத்தளம் எங்கே தள்ளி விழுவது, வரவு ஆட்டத்தில் கால் எப்படித் திரும்புவது என்பவை, கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானாகிய அண்ணாவியாரின் உடம்பில் இருந்தவை. இந்த நாடாவில் உள்ள அண்ணாவியார் இன்று இல்லை. ஆகவே வெட்ட வேண்டிய பின்பாட்டு என்று நீங்கள் சுட்டுவது, அவருடைய குரலுக்கு ஊர் கொடுத்த பதில்.

தலைவர்: அண்ணாவியாருக்கும் அன்று பொன்னாடை போர்த்தினோம்.

தொகுப்பாளர்: போர்த்தினீர்கள், 34ஆவதாக. அந்த நேரத்தில் நாடா முடிந்துவிட்டது.

தொகுப்பு என்பது வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் என்று கருதுவோர் பலர். கணினித் திரையில் நீண்டு கிடக்கும் காலக்கோட்டின்மீது காட்சித்துண்டுகளை வரிசைப்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் முறையைத் தேர்ந்து, ஒலியைச் சமன்செய்வதே அத்தொழில். மாறும் முறைகள் நூற்றுக்கணக்கில் மென்பொருளுடன் சேர்ந்தே வருகின்றன. நேரடி வெட்டு ஒன்றே பெரும்பாலான இடங்களுக்குப் போதும் என்பது தொழில் தெரிந்தோரின் முடிவு. ஆயினும் இதயம் விரிதல், பக்கம் புரளுதல், படம் நொறுங்கிப் பறத்தல் ஆகியவை தமிழர் வாழும் நாடுகள் அனைத்திலும் திருமணப் படங்களை ஆட்சிசெய்தன. மணல் முற்றத்தில் நின்ற மணமக்கள், முதுகுப்புறத்தில் சுவிற்சர்லாந்தின் பனிமலையுடன் இறுவட்டில் தோன்றினர்.

தலைவர்: பனிமலை நல்ல யோசனை. பொன்னாடைக்குப் பின்னால் போடலாம்.

தொகுப்பாளர்: சோளகக் காற்றில் பொன்னாடை பறந்து பிரமுகரின் முகத்தை மூடுகிறது, ஐயா, பனிமலையில் அப்படி நடந்தால் குளிருக்குப் போர்த்தியதாக நினைப்பார்கள். ஒலியிலும் அதே காற்றுத்தான். கமராவின் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போடாததால், தலைமை உரை முழுவதிலும் காற்று இரைகிறது. தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தால் இரைச்சல் ஓரளவு அடங்கும், உரை மிஞ்சும்.

தலைவர்: மிகவும் நல்லது. அடுத்தது கழுதை. பாராட்டு விழாவின் நடுவில், மேடையோரம் வந்த ஒரு கழுதை, பிரமுகருக்கு வைத்திருந்த மாலையைத் தின்கிறது. அதை வெட்ட வேண்டும்.

மன்னார் வீதிகளில் கழுதைகள் சுதந்திரமாக உலவுவதும், அவற்றை மேய்க்க எவரும் இல்லாததும் நாடறிந்த செய்தி. பிரமுகர்களின் நிலையும் அதுவே.

தொகுப்பாளர்: வெட்டலாம். ஆனால் தொடர்ச்சி என்று ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த இரு காட்சிகளில் ஒரே பொருள் காரணமின்றி மாறித் தோன்றினால், அதைத் தாவல் வெட்டு என்பார்கள். பார்ப்பவரின் மனம் இடையில் நடந்ததைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கழுதையை வெட்டினால், பிரமுகர் நெருங்கும்போது மாலை முழுதாக இருக்கும்; அடுத்த நொடியில் பாதியாக இருக்கும். அருகில் இருப்பவர் பிரமுகர் மட்டுமே.

தலைவர்: கழுதை இருக்கட்டும்.

தொகுப்பாளர்: வெளிநாட்டுக்கும் அனுப்புவீர்களா?

தலைவர்: 200 இறுவட்டு ரொறன்ரோவுக்கு மட்டும் போகிறது.

தொகுப்பாளர்: அங்கே இன்னொரு சிக்கல். இலங்கைத் தொலைக்காட்சி பால் என்னும் முறையில் அமைந்தது. 625 வரி, வினாடிக்கு 25 சட்டகம். கனடாவில் வழங்கிவந்தது என்ரிஎஸ்சி முறை. 525 வரி, வினாடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம். இங்கே பால் முறையில் பதித்த இறுவட்டை அங்குள்ள பழைய டிவிடிக் கருவிகள் பல ஏற்பதில்லை.

தலைவர்: அங்கே இருப்பவர்களும் நம்முடைய சனம்தானே? ஏற்காமல் விடுவார்களா?

தொகுப்பாளர்: சனம் ஏற்கும், கருவி ஏற்காது. கருவிக்கு முகத்தாட்சண்யம் கிடையாது. மேலும் இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் இறுவட்டைச் செருகவே இடமில்லை. கோப்பாகக் கொடுத்தால் இரு முறைகளின் சண்டையும் இல்லை. ஒரு பென் டிரைவில் எட்டு மணி நேரமும் அடங்கும்.

தலைவர்: பென் டிரைவை வெளியிட முடியுமா, பிள்ளை? உள்ளங்கையில் மறைந்துவிடும், புகைப்படத்தில் தெரியாது. முதற்பிரதியைப் பெற்றுக்கொள்பவர் எதை உயர்த்திக் காட்டுவார்? இறுவட்டு என்றால் வட்டமாக, பளபளப்பாக இருக்கும். அதன்மேல் ஒரு படமும் போடலாம். தலைவர் பொன்னாடையுடன் நிற்கும் படம், முகம் சரியாக நடுவில்.

தொகுப்பாளர்: நடுவில் 15 மில்லிமீற்றர் துளை இருக்கிறது.

தலைவர்: அந்தத் துளையை ஓரத்துக்கு நகர்த்தும்.

இறுவட்டின் அமைப்பைப் பற்றி இவ்விடத்தில் சில சொல்ல வேண்டும். 1996இல் ஜப்பானில் அறிமுகமாகிய டிவிடியின் பதியத்தக்க வகையில், பிளாஸ்திக்கின் உள்ளே மெல்லிய சாயப் படலம் ஒன்று உள்ளது. லேசர் கதிர் அதைச் சுட்டு மாற்றும் புள்ளிகளே காட்சியாகவும் ஒலியாகவும் பின்னர் வாசிக்கப்படுகின்றன. பதிவு முடிந்ததும் இறுதிப்படுத்தல் என்னும் படியை நிறைவேற்றாவிடில், பதித்த கருவிக்கு வெளியே பெரும்பாலும் அது ஓடாது. வெயிலில் கிடந்தால் சாயம் மங்கும். ஒட்டுத்தாளை மேலே ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும். துளையோ சுழலும் அச்சுக்கு உரியது; சபைத் தீர்மானத்தால் அது இடம் பெயராது.

தலைவர்: சரி, கடைசியாக ஒன்று. பாராட்டு விழா நடக்கும்போது கமரா அடிக்கடி சனத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. யாரென்று தெரியாத முகங்கள். அவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதயம் விரியும் வேலையைப் போடும்.

தொகுப்பாளர் படத்தை நிறுத்தினார். அதுவரை நகைப்புடன் வந்த பேச்சு இவ்விடத்தில் திசை மாறியது.

தொகுப்பாளர்: யாருக்குத் தெரியாத முகங்கள்? மடியில் உறங்கும் பிள்ளைக்கு விசிறும் பெண்ணுக்குப் பின்னால், கம்பத்தில் சாய்ந்து நிற்கும் பொடியனைப் பாருங்கள். போர் மீண்டும் மூண்ட பிறகு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிச் செல்லப்பட்டவன். அவனுடைய தாய், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து நெஞ்சோடு பிடித்தபடி, இன்றும் வெயிலில் தெருவோரத்தில் நிற்கிறார். அந்தப் படத்தில் அவன் அசையமாட்டான். அவன் சிரிப்பதும், தலைமயிரைக் கோதுவதும், பக்கத்தில் நிற்பவனின் தோளில் கைபோடுவதும் உலகத்தில் இந்த நாடாவில் மட்டும் இருக்கின்றன; மொத்தம் 4 வினாடி. அதன்மேல் இதயம் விரிய வேண்டுமா? இந்தத் தீவில் படம் என்பது என்ன விலைபெற்றது என்று தெரியாமலா தலைவராக இருக்கிறீர்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியின் சனம் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனது. கொண்டுபோக விட்டதே கொஞ்சம், அதற்குள் கலியாண அல்பத்துக்கு இடம் எங்கே? 2008இல் அடம்பனிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் வன்னிக்குள் ஓடியவர்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொரு பையை விட்டுவிட்டு ஓடினார்கள். தகப்பனின் முகத்தைப் படத்திலும் கண்டிராத பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட நாடாக்களின் ஓரங்கள். அந்த ஓரங்களைத்தான் வெட்டச் சொல்கிறீர்கள். நடுவில் நிற்பவர்களுக்கு நிறம் நிறமாகத் துணி போர்த்துவதற்காக.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்பு தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை நெருங்கிப் பார்த்தார்.

தலைவர்: அந்த 4 வினாடியில் மேடையில் நடப்பது எத்தனையாவது பொன்னாடை?

தொகுப்பாளர்: பதினேழாவது, ஐயா. பொன்னாடையில் சலித்துப்போனதால்தான் கமராக்காரர் சனத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார். விழா சுவையாக இருந்திருந்தால் அந்த முகங்கள் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா.

தலைவர்: ஆகவே விழாவும் பயனுள்ளதுதான் என்கிறீர்.

தொகுப்பாளர்: ஆம், சலிப்பூட்டிய அளவுக்கு.

தலைவர்: அப்படியானால் வெள்ளிக்கிழமை விழாவையும் பதிவுசெய்ய வேண்டும். இறுவட்டு வெளியீட்டிலும் 12 பேருக்குப் பொன்னாடை உண்டு. அதை ஓர் இறுவட்டாக்கி, வெளியிட்டு...

தொகுப்பாளர்: அந்த வெளியீட்டையும் பதிவுசெய்து இன்னோர் இறுவட்டாக்க வேண்டும். இந்தச் சங்கிலி முடியும் நாளில் நாட்டில் துணி முடிந்துவிடும். கூலி பற்றி இன்னும் பேசவில்லை, ஐயா.

தலைவர்: கூலியா? பதின்மூன்றாவது பொன்னாடை உமக்குத்தான், பிள்ளை.

தொகுப்பாளர்: மின்கட்டணத்தைப் பொன்னாடையால் செலுத்த முடியாது. ஓர் உடன்பாட்டுக்கு வருவோம். இறுவட்டு உங்களுடையது: ஒரு மணி நேரம், நாடாவில் உள்ள பொன்னாடை அனைத்தும், முழு உரை, தெளிவான படம், இதயம் வேண்டிய மட்டும். கூத்தும் சனமும் நாடாக்களும் இங்கே இருக்கும். கூலி காசாகத் தரப்படும்.

தலைவர் சிறிது சிந்தித்தார். இழப்பு எதுவும் தமக்கு இல்லை என்று கண்டதும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வெளியிடப்பட்ட இறுவட்டில் தலைவரின் முகத்தில் துளை விழவில்லை. படம் உறையின்மேல் அச்சிடப்பட்டது. கூத்து, ஓர் அடியும் வெட்டப்படாமல், மினிடிவியில் இருந்த அதே தரத்தில் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றப்பட்டது. ஒன்று ஸ்ரூடியோவில் இருக்க, மற்றொன்று அண்ணாவியாரின் வீட்டுக்குச் சென்றது. மூன்றாம் பிரதி கடல் கடந்த உறவினரிடம் அனுப்பப்பட்டது. ஒரே பொருளுக்கு மூன்று பிரதி, அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணம் காப்போரின் பழைய விதி. ஊர்ப் பெரியவர்கள் நால்வர் திரைமுன் அமர்ந்து, சனத்தின் நடுவே தெரிந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல, எந்த நாடாவில் எத்தனையாவது நிமிடத்தில் யார் என்று ஒரு கொப்பியில் எழுதப்பட்டது. அந்த 4 வினாடி தனியாக எடுத்து அந்தத் தாயின் கைத்தொலைபேசியில் போட்டுக் கொடுக்கப்பட்டது. இவற்றுக்கு வெளியீட்டு விழா நடைபெறவில்லை.

வீட்டு அலுமாரிகளில் பழைய ஒளிநாடாக்களை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இவ்வளவே. விஎச்எஸ் கருவிகளை உலகில் கடைசியாக உருவாக்கிவந்த ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. மினிடிவியை ஓட்டக்கூடிய கமராக்களும் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. நாடா நன்றாக இருந்தும் அதை ஓட்ட எதுவும் இல்லாத நாள் தூரத்தில் இல்லை. இறுவட்டு கையில் கொடுப்பதற்கு ஏற்ற வடிவம், காத்து வைப்பதற்கு ஏற்றதன்று. ஆகவே நாடாவில் உள்ளதை வெட்டாமல் முழுதாக இறக்கி, பிரதிகள் எடுத்து, முகங்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் உயிருடன் இருக்கும்போதே பெயர்களை எழுதி வையுங்கள். வெளியீட்டு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.